சர்க்கார் வெட்டிய குழி

இருளப்பசாமி பர்மா எல்லைச் சண்டை முடிந்து திருச்சுழிப் பக்கத்துத் தன் ஊருக்குத் திரும்பியபோது அவனுடைய இடது முழங்கால் மடங்கவில்லை, இடது காது கேட்கவில்லை. மீதி ஆள் முழுசாக வந்ததில் அவன் மனைவி பேச்சிக்கு நிம்மதிதான். ஆனால் மடங்காத காலோடு ஏர் பிடிக்க முடியாது, பருத்திக்காட்டில் உட்கார்ந்து களை வெட்டவும் முடியாது. உடம்பு கெட்டுத் திரும்பிய சிப்பாய்களுக்குப் பென்ஷன் உண்டென்று கேள்விப்பட்டு மனுப் போட்டார்கள்.

மனு எழுதியவர் பொன்ராஜ். திருச்சுழியில் ரிஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே, வேப்பமரத்தடியில் பெட்டி வைத்து உட்கார்ந்திருப்பார். வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையும் எழுதி எழுதி அலுத்திருந்த மனுஷர். யுத்தம் என்றதும் அவருடைய பேனாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. முதல் மனுவில் இருளப்பசாமி இம்பாலில் துப்பாக்கிக் கத்தியை நீட்டிக்கொண்டு ஜப்பான்காரன் மேல் பாய்ந்தான். அது தள்ளுபடியாகி வந்தது. வீரம் போதவில்லை போலிருக்கிறது என்று பொன்ராஜ் அடுத்த மனுவில் அவனைச் சிங்கப்பூருக்கு அனுப்பினார். அதுவும் திரும்பி வந்ததும், மூன்றாவதில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஒரு டாங்கியை வழிமறிக்க வைத்தார்.

இங்கிலீஷில் எழுதியதால் இருளப்பசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. வீரமாக எழுதியிருக்கிறது என்றார் பொன்ராஜ். அவனும் ஊரில் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தான் என்பதால் தோண்டித் துருவவில்லை.

மூன்றாவதும் தள்ளுபடியானபோது பேச்சி புருஷனைக் கிளப்பினாள். மல்லாங்கிணற்று விதவை ஒருத்திக்குப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்கிக் கொடுத்தவர் அருப்புக்கோட்டை வக்கீல் வேதநாயகம் என்று பருத்திச் சந்தையில் அவளுக்குத் தகவல் கிடைத்திருந்தது.

அருப்புக்கோட்டைக்குப் போனது கரியில் ஓடும் பஸ். மேடு வந்தால் மூச்சு வாங்கி நின்றுவிடும். எல்லாரும் இறங்கித் தள்ள வேண்டும். கண்டக்டர் இருளப்பசாமியையும் இறங்கச் சொன்னார்.

"அவுக உள்ளயே இருக்கட்டும். அவுக பங்கையும் சேத்து நான் தள்ளுறேன்" என்றாள் பேச்சி. தள்ளவும் செய்தாள்.

வேதநாயகம் ஒல்லியான மனிதர், மூக்குப்பொடி போடுகிறவர். யுத்த காலத்தில் தன் திருச்சபையைச் சேர்ந்த சில குடும்பங்களுக்காகப் பட்டாளத்துப் பென்ஷன் விதிகளை வரவழைத்துப் படித்தவர், பிறகு அதிலேயே ருசி கண்டுவிட்டார். மூன்று மனுக்களையும் வரிசையாகப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, உனக்கு இருக்கிறது ஒரே இடது காலுதான?"

"ஆமாங்கய்யா."

"அது மூணு தேசத்துல ஒடிஞ்சிருக்கு. இதப் படிச்ச எவன் உனக்குப் பென்ஷன் குடுப்பான்? நெசமா எங்க அடிபட்ட?"

இருளப்பசாமி எழுந்து நிற்க முயன்றான். "இம்பாலுப் பக்கம் மலையிலங்கய்யா. ஜப்பான்காரன் கூட்டமா வந்தான். நான் துப்பாக்கிய எடுத்துக்கிட்டு..." பேச்சு நின்றது. கண் ஒருமுறை பேச்சியின் பக்கம் போய்வந்தது.

வக்கீல் அதைப் பார்த்துவிட்டார். "பேச்சி, உள்ள எம் பொஞ்சாதி சூசையம்மா இருப்பா. மோரு வாங்கிக் குடிச்சிட்டு வா."

அவள் போனதும் இருளப்பசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான். மலையில் கிடைத்த தண்ணீர் ஒத்துக்கொள்ளாமல் முகாம் முழுக்க வயிற்றுப்போக்கு. விடிகிற நேரம் அவன் கக்கூஸ் குழியில் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் குண்டு விழுந்தது. குழியின் கரை சரிந்தது, குறுக்கே போட்டிருந்த மரம் முழங்காலில் இறங்கியது. மண்ணுக்கும் மற்றதுக்கும் அடியில் கிடந்தவனைக் கூட இருந்த சிப்பாய் பந்தல்குடி ஜான்ராஜ்தான் தோண்டி எடுத்தான்.

"துப்பாக்கி?"

"கூடாரத்துல இருந்துச்சுங்கய்யா."

வேதநாயகம் சிரிக்கவில்லை. நல்ல வழக்கு கிடைத்த வக்கீலின் முகம் அவருக்கு வந்திருந்தது. "இத மொதல்லயே சொல்லியிருந்தா போன வருசமே முடிஞ்சிருக்கும். சோறு சர்க்கார் போட்டது. தண்ணி சர்க்கார் குடுத்தது. குழி சர்க்கார் வெட்டுனது. குண்டு சர்க்காரோட எதிரி போட்டது. இதுல உன் சொந்த வேல எது?"

இருளப்பசாமி யோசித்தான். "உக்காந்தது மட்டுந்தாங்கய்யா."

"அதுக்காக ஊருக்கு வந்துட்டுப் போக முடியுமா? அதுவும் டியூட்டிதான். அந்த ஜான்ராஜக் கூட்டிட்டு வா."

ஜான்ராஜ் பந்தல்குடியில் லாரிக்காரர்களுக்குப் புரோட்டா போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டதும் கரண்டியைக் கீழே வைத்தான். "ஏலே, இத யார்ட்டயும் சொல்லக் கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்குன. இத்தன நாளா வாய மூடிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. எப்பப் போகணும்?"

மேல்முறையீட்டு விசாரணை மதுரையில் நடந்தது. மூன்று அதிகாரிகள், அதில் ஒருவர் வெள்ளைக்கார டாக்டர். மொழிபெயர்த்தவர் கூச்ச சுபாவமுள்ள ஆள். கக்கூஸ் என்பது துரைமார் காதில் போடக்கூடாத வார்த்தையென்று நினைத்தாரோ என்னவோ, இருளப்பசாமி காலைக்கடனுக்குப் போயிருந்ததை வார்த்தைக்கு வார்த்தை இங்கிலீஷில் பெயர்த்துவிட்டார். யாரிடம் கடன் வாங்கினான், யுத்தகளத்தில் அதை ஏன் காலையில் கட்டப் போனான் என்று நடுவில் இருந்த அதிகாரி விசாரித்தார். வேதநாயகம் எழுந்து ஒரே வார்த்தையில் விளக்கினார். மொழிபெயர்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"தன் இடத்தை விட்டுப் போக இவன் உத்தரவு வாங்கினானா?" என்பது அடுத்த கேள்வி. உத்தரவில்லாமல் போயிருந்தால் வழக்கு அங்கேயே படுத்துவிடும்.

ஜான்ராஜ் விறைப்பாக நின்றான். "எங்களுக்கு மேல இருந்த நாயக்குகிட்டக் கேட்டுட்டுத்தாங்கய்யா போனான்."

"நாயக் எங்கே இருந்தார்?"

"எங்களுக்கு முன்னாடியே பக்கத்துக் குழியில வந்து உக்காந்திருந்தாருங்கய்யா."

டாக்டர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு எழுந்து வந்து இருளப்பசாமியின் முழங்காலை வெகுநேரம் அழுத்திப் பார்த்தார், கேட்காத காதருகே கையைத் தட்டினார். இது விழுந்து வந்த காயமல்ல, குண்டு வெடித்ததன் விளைவு என்று மற்ற இருவரிடமும் சொன்னார்.

வெளியே வந்ததும், வாசல் நிழலில் உட்கார்ந்திருந்த பேச்சியை இருளப்பசாமியால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜன்னல் திறந்துதான் இருந்தது.

"எல்லாம் கேட்டுச்சா?"

"வக்கீலு வீட்டுலயே கேட்டுச்சு. மோரு குடிக்க எம்புட்டு நேரமாகும்? நாலு ஜப்பான்காரனக் குத்துனேன்னு எங்க அண்ணங்கிட்டல்லாம் சொன்னீக."

"சொன்னேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "மண்ணுக்குள்ள கெடந்தீகளே, அப்ப பயமா இருந்துச்சா?"

இதை அவனிடம் யாரும் கேட்டதில்லை. "மூச்சு முட்டுச்சு. செத்தா இப்படிச் சாகக்கூடாது, ஊருல சொல்ல முடியாதேன்னுதான் நெனச்சேன். பெறகு உன் பேரச் சொல்லிக் கத்துனேன். வாயெல்லாம் மண்ணு."

பேச்சி அவன் சட்டைக் காலரை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு கேட்டாள்: "ஜான்ராஜ் அண்ணன் தூக்குறப்ப கீழ துணி இருந்துச்சா?"

"இல்ல."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இருளப்பசாமி விறைப்பாகவே நின்றுபார்த்தான், முடியவில்லை. அவனும் சிரித்தான்.

பென்ஷன் உத்தரவு மழைக்காலத்தில் வந்தது. அதற்குள் ஜான்ராஜின் புரோட்டாக் கடை வழியாகக் கதை தூத்துக்குடி வரைக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. ஊரில் அவனைக் 'குழிச் சிப்பாய்' என்று கூப்பிட்டார்கள். ஆரம்பத்தில் கோபப்பட்டான், பிறகு திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டான்.

ஒருநாள் காரியாபட்டிப் பக்கமிருந்து விரல் போன சிப்பாய் ஒருவன் வந்தான், ஆண்டிச்சாமி என்று பேர். அவனுடைய மனுவும் திரும்பி வந்திருந்தது. எப்படி அடிபட்டது என்று கேட்டால் மென்று விழுங்கினான், பேச்சியைப் பார்த்தான்.

"அவளப் பாத்து வெக்கப்படாத, என் கதையே அவளுக்குத் தெரியும்" என்றான் இருளப்பசாமி. "விரலு எப்படிப் போச்சு?"

"பட்டாளத்துக் கோவேறு கழுத கடிச்சிருச்சுண்ணே."

"சர்க்கார் கழுததான?"

"ஆமா."

இருளப்பசாமி சுவரைப் பிடித்து எழுந்து சட்டையை மாட்டினான். "வா, வக்கீலய்யாவப் பாத்துட்டு வருவோம். ரொம்பச் சந்தோசப்படுவாரு."