இடது பக்கத் தையல்

“இது தண்ணியில முங்கிப்போச்சுன்னா யார் மேல தப்புப்பா?”

முதல் பலகையில் பென்சில் கோடு விழுவதற்கு முன்பே மகள் கேட்டாள். அப்பா ரம்பத்தின் பற்களை விரலால் தடவிக்கொண்டே, “முங்காது” என்றார். கேட்டதற்கு அது பதில் இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அவளும் அதோடு விட்டுவிட்டாள்.

அவள் அப்படிக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவளுக்குப் பெயர் ‘உடைசல்’. பெயர் வைத்தவன் அம்மாவின் தம்பி, வேன் ஓட்டுகிறவன். அவள் தொட்டால் டம்ளர் கீழே விழும், கதவுக் கைப்பிடி கையோடு வரும். மாமாவின் வேனில் ஜன்னல் கண்ணாடியை ஏற்றும் பிடிகூட ஒருமுறை வந்துவிட்டது. அவன் மனதில் கள்ளம் இல்லாமல்தான் அப்படிக் கூப்பிட்டான். ஆனால் தினமும் கூப்பிடுகிற பெயர் மெல்ல மெல்ல உள்ளே இறங்கிவிடும். தன் கையால் செய்த ஒன்றாவது உடையாமல் நிற்க வேண்டும் என்று அந்தப் பன்னிரண்டு வயதுப் பெண் ஆசைப்பட்டாள். படகு கட்டலாம் என்று தொடங்கியவளே அவள்தான்.

அப்பாவுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை. மயிரிழை பிசகினாலும் வாங்கிப்போனவர் தலைவலியோடு திரும்பி வந்து நிற்பார். கார் இல்லாத அந்த வீட்டின் கார் ஷெட்டுக்கும் அவர் அதே கண்ணோடுதான் வந்தார்.

பிளைவுட் பலகைகளின் ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் ஒன்றோடொன்று தைக்க வேண்டும். தையலின் மேல் எபாக்ஸி பசை பூசி, ஃபைபர் பட்டையை ஒட்டி அழுத்த வேண்டும். பசை இறுகிவிட்டால் பலகைகள் ஒரே உடம்பாகிவிடும். வலது பக்கத் தையல் அப்பாவுக்கு, இடது பக்கம் மகளுக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டார்கள்.

மகள் நாக்கின் நுனியைக் கடித்துக்கொண்டு பசையையும் அதை இறுக வைக்கும் ஹார்டனரையும் அளந்து கலந்தாள். பட்டை கோணலாகப் போனது. இரண்டு இடத்தில் புடைத்தது. முடித்துவிட்டு, “பரவாயில்லையாப்பா?” என்றாள்.

“ஜோரா இருக்கு” என்றார் அப்பா.

மறுநாள் அவள் பள்ளிக்கூடம் போனதும், கடைக்குத் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு ஷெட்டைத் திறந்தார். உளியால் இடது பக்கத் தையல் முழுவதையும் பெயர்த்துப்போட்டு, தானே புதிதாகப் போடத் தொடங்கினார். குழந்தையின் பாதுகாப்புக்காக என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். உண்மையில் அந்தக் கோணல் அவர் கண்ணை உறுத்தியது, அவ்வளவுதான்.

வெளியே மழை. குளிரில் பசை இறுக நேரமாகும், அவளோ மாலையில் வந்துவிடுவாள். சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைத் தாராளமாக ஊற்றினார். அந்தப் பசையின் குணம் வேறு. ஹார்டனர் கூடினால் அது கடைசிவரை ரப்பர் மாதிரியே நின்றுவிடும். டப்பாவிலேயே அது எழுதியிருந்தது. மறைத்துச் செய்கிற வேலைக்கு ஓர் அவசரம் உண்டு. அந்த அவசரம் நிதானமான மனிதரின் கண்ணையும் மறைத்துவிடுகிறது.

மாலையில் மகள் வந்து தையலை நீளத் தடவிப் பார்த்தாள்.

“நல்லாப் புடிச்சிருக்குல்ல?” என்றார் அப்பா.

“ம்” என்றாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

பெயிண்ட் அடித்தார்கள், துடுப்பு செதுக்கினார்கள். படகை ஏரிக்குக் கொண்டுபோகும் நாளும் வந்தது. வேனில் ஏற்றுவதற்கு முன் அப்பா யாரும் பார்க்காமல் இடது தையலில் நகத்தை வைத்து அழுத்தினார். நகம் பதிந்தது. பதிந்த குழி மூடவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எதனால் இறுகவில்லை என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டிவரும். கரையோரமாகவே சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டார். ஏரிக்கரையில் மகளின் மிதவைச் சட்டையின் வாரை இழுத்து இழுத்துக் கட்டினார்.

“ப்பா, மூச்சு முட்டுது.”

“இருக்கட்டும்.”

அவர் மனைவி ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து நேராக வந்திருந்தாள். “இங்க பாருங்க, என் பொண்ணு தலை நனைஞ்சுச்சு, அந்த ஷெட்டுக்குப் பூட்டுப் போட்டுருவேன். உங்களையும் உள்ள வெச்சே பூட்டுவேன்” என்றாள்.

“கவலைய விடுக்கா, உடைசல் கட்டின படகு” என்றான் மாமா. “ஏறி உக்காந்ததும் படகு ஒரு பக்கம் போகும், உடைசல் ஒரு பக்கம் போகும்.”

“நீங்க மட்டும் இதுல ஏறிடாதீங்க மாமா. இது படகுதான், கப்பல் இல்ல” என்றாள் மகள். மாமா தன் தொப்பையைத் தடவிக்கொண்டு சிரித்தான்.

அப்பாவும் மகளும் ஏறி உட்கார்ந்தார்கள். படகு மிதந்தது. ஒரு நிமிடம் அப்பாவுக்கே தலைகால் புரியவில்லை. “ப்பா! மிதக்குதுப்பா!” என்று மகள் துடுப்பை வீசி வலித்தாள்.

“போதும்மா, திருப்பு.”

“தண்ணிக்குள்ள நிக்குதே, அந்தக் கம்பம் வரைக்கும்பா. அதைத் தொட்டுட்டு வந்துடலாம்.”

“வேண்டாம்னு சொல்றேன்ல!”

குரலில் இருந்த சூடு அவளைத் திரும்பிப் பார்க்க வைத்தது. அதே நேரம் அப்பாவின் குதிகாலில் சில்லென்று பட்டது. இடது பக்க ஓரத்தில் ஒரு கோடு போலத் தண்ணீர். பாதத்தை வைத்து அழுத்தினார். பாதத்தைச் சுற்றிக்கொண்டு வந்தது. பசை ரப்பராக இழுபட, பட்டை நுனியிலிருந்து உரிந்துகொண்டே போனது.

ஆண்டவனே, நான் செய்ததற்கு இவளை நனைத்துவிடாதே என்று வேண்டிக்கொண்டே துடுப்பைப் பிடுங்கி வலித்தார். மகள் அழவில்லை, கத்தவில்லை. தலைத் தொப்பியைக் கழற்றித் தண்ணீரை அள்ளி வெளியே ஊற்றினாள். அவள் அள்ள அள்ள அது முழங்கால்வரை ஏறியது. கரையில் மனைவி செருப்பை உதறிவிட்டு ஓடிவருவது தெரிந்தது. இன்னும் நாலு வலி வலித்தால் போதும் என்கிறபோது படகு இடது பக்கமாகச் சாய்ந்து இருவரையும் கொட்டிவிட்டது.

மகளின் தலை உள்ளே போனது. அந்த ஒரு மூச்சு நேரம் அவருக்கு ஒரு யுகம். மிதவைச் சட்டை அவளை மேலே தூக்கிவிட்டது. அப்பாவுக்குத் தண்ணீர் இடுப்பளவுதான். அவளை அள்ளிக்கொண்டு கரையேறினார்.

“என்னாச்சு? எங்க விட்டுச்சு?” அம்மா அவளைப் பிடுங்கி அணைத்துக்கொண்டாள்.

“நான்தாம்மா” என்றாள் மகள், குளிரில் பல் தந்தியடிக்க. “பசையைத் தப்பாக் கலந்துட்டேன்.”

அப்பா வாயைத் திறந்தார். மகளின் சில்லிட்ட விரல்கள் அவர் மணிக்கட்டை இறுக்கின. திறந்த வாய் மூடிக்கொண்டது.

“பேரு வெச்சவன் வாய்க்குச் சக்கரைதான் போடணும்” என்றான் மாமா. பயம் தெளிந்த சந்தோஷத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்தது. படகைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து அவனும் அப்பாவும் வேனுக்குத் தூக்கினார்கள். அப்பாவுக்குப் படகின் கனம் தெரியவில்லை. வேறொன்று கனத்தது.

வேன் படியில் உட்கார்ந்து அம்மா மகளின் தலையைத் துவட்டினாள். கோபம் போய், குரல் கனிந்திருந்தது. “சரி விடு கண்ணு. உனக்குக் கைவேலை வராது. அதனால என்ன? படிப்பு வருதுல்ல? அது போதும்.”

அன்போடு சொன்ன வார்த்தை. மகள் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலைத்தான் அப்பாவால் தாங்க முடியவில்லை. மாமா வைத்த பெயர் ஒரு நாள் உதிர்ந்துவிடும். அம்மா சொன்ன இந்த வார்த்தை உதிராது.

“அவ தப்பு இல்ல” என்றார்.

“விடுங்கப்பா” என்றாள் மகள் அவசரமாக.

“அவ போட்ட தையலைப் பேத்துட்டு நான் போட்டேன். அவளுக்குத் தெரியாம. கலவை என்னுது. இறுகலைன்னு காலைல நகத்தை வெச்சுப் பாத்தேன். தெரிஞ்சேதான் அவளை ஏத்தினேன்.”

மாமா கையில் கயிற்றோடு நின்றான். மனைவி துண்டை மடியில் வைத்தாள்.

“தெரிஞ்சேவா?” என்றாள். வீடு வந்து சேரும்வரை மகளின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவள் திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

படகை ஷெட்டில் இறக்கியபின் அப்பாவும் மகளும் தனியாக நின்றார்கள்.

“உனக்கு எப்போ தெரிஞ்சுது?”

“அன்னைக்கே. என்னோட தையல்ல என் முடி ஒண்ணு ஒட்டியிருந்துச்சு. தடவிப் பாத்தா காணோம். அதுவும் இல்லாம, அவ்வளவு நேரா நான் எப்பப்பா ஒட்டியிருக்கேன்?”

“அப்புறம் ஏன்மா பழிய உன் மேல போட்டுக்கிட்ட?”

மகள் ஈரப் பின்னலைப் பிழிந்தாள். “என்னைத்தான் ஏற்கெனவே யாரும் நம்பறதில்லையே. எனக்குப் பழகிடுச்சு. உங்களுக்குப் பழக்கமில்ல.”

அவர் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பெற்றவர்கள் பிள்ளைகளுக்குச் செய்வதைத்தான் உலகம் கணக்கில் வைக்கிறது. பிள்ளைகள் பெற்றவர்களை மன்னிப்பது ஆண்டவன் கண்ணுக்கு மட்டும் படுகிறதோ என்னவோ.

மனைவி சொன்னபடியே பூட்டுப் போட்டாள். மழைக்காலம் முடியும்வரை அது திறக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை சாவியை மகள் கையில் கொடுத்தாள். “இனி இது உங்கிட்டதான் இருக்கும். அவரை உள்ள விடறதும் விடாததும் உன் இஷ்டம்.” மாமா அவளைப் ‘பாப்பா’ என்று கூப்பிடப் பழகிக்கொண்டிருந்தான். ‘உ’ என்று தொடங்கிவிட்டு இருமுவான்.

இடது பக்கத் தையலை மகளே புதிதாகப் போட்டாள். அப்பா, கவிழ்த்த வாளியின் மேல், கைகளை அக்குளில் சொருகிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “பட்டையை நீட்டிப் பிடிங்க” என்றபோது பிடித்தார். “விடுங்க” என்றபோது விட்டார். கடைசி முழத்தை அவள் அழுத்திக்கொண்டிருக்கும்போது சிநேகிதியிடமிருந்து போன் வந்துவிட்டதாக வீட்டுக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள். அழுத்தி முடித்துவிட்டு மகள் ஒரே ஓட்டமாக ஓடினாள்.

அப்பா எழுந்து குனிந்து பார்த்தார். பட்டையின் நடுவில் கடலையளவு ஒரு புடைப்பு. தண்ணீர் புகும் இடமல்ல, கண்ணுக்குத்தான் உறுத்தும். பசை இன்னும் ஈரம். கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தினால் போதும். விரல் நீண்டது, நின்றது. அவர் கையை எடுத்துக்கொண்டார்.

அப்போதுதான் பிரஷ் கண்ணில் பட்டது. பசைக் கிண்ணத்திலேயே மறந்துவிட்டுப் போயிருந்தாள். இன்னும் சற்று நேரம் போனால் அது வெறும் குச்சி. அவள் தனக்கென்று தேர்ந்தெடுத்த சிவப்புப் பிடி பிரஷ் அது.

தின்னரைச் சிறு டப்பாவில் ஊற்றி, பிரஷின் மயிரைப் பிரித்துப் பிரித்துக் கழுவினார். பழந்துணியில் ஒற்றினார். மறுபடியும் கழுவினார். பசைப் பிசுக்கு முழுவதும் போனபின், கிண்ணத்தின் பக்கத்தில், அவளே கழுவிச் சாய்த்து வைத்தது மாதிரி வைத்தார். துணியை மடித்துச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.