அரசாணிப் பூ விரியும் நேரம்

அறிவுச்செல்விக்கு உலகத்தை அழிப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. திண்டுக்கல்லில் ஆட்சியர் அலுவலகம் போகும் சாலையில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். மனு எழுத வருகிறவர்கள் குறைந்த மதிய நேரங்களில், மனு அடிக்கும் அதே கணினியில், இதுவரை இரண்டு முறை உலகத்தை அழித்துவிட்டாள். ஒரு முறை வெயிலால், ஒரு முறை பிளாஸ்டிக்கால். இரண்டையும் மதுரைப் பதிப்பாசிரியர் இளஞ்செழியன் திருப்பி அனுப்பிவிட்டார். மனிதர்கள் தாங்களே தேடிக்கொள்ளும் கேடுகளைப் பற்றி எதிர்காலக் கதைகளாக ஒரு தொகுப்பு போடுகிறார் அவர்.

"நல்லா எழுதுறீங்க மேடம். ஆனா பயமே வரலையே" என்றார் போனில். சனிக்கிழமைக்குள் இன்னொன்று அனுப்பினால் பார்ப்பாராம். இல்லையென்றால் அவள் இல்லாமலே புத்தகம் அச்சுக்குப் போய்விடும்.

பதினெட்டு வருடமாக அவள் எழுதியதெல்லாம் அடுத்தவர் பெயரில்தான். 'அனுப்புநர்' என்ற இடத்தில் மாவட்டத்தில் பாதிப் பேரின் பெயரை அடித்திருக்கிறாள், தன் பெயரை ஒரு நாளும் அடித்ததில்லை. இந்தப் புத்தகத்தில் தன் பெயர் வந்தே ஆக வேண்டும் என்று அவளுக்கு வெறியே பிடித்திருந்தது.

டவுன் பஸ் ஓட்டும் அவள் கணவன் ஸ்டான்லிக்கு இது நல்ல பொழுதுபோக்கு. "இந்தத் தடவ எதுல எங்களக் கொல்லப் போற செல்வி?" என்பான் சாப்பிடும்போது.

"செத்த நேரம் சும்மா இருங்க."

"சரி, உலகம் அழியுறதுக்குள்ள கொஞ்சம் வெஞ்சனம் வையி."

மூன்றாவது கதை 2090-இல் நடந்தது. ஒரு ராட்சதக் கம்பெனி தேனீக்களை எல்லாம் கொன்றுவிடுகிறது. கறுப்புச் சீருடைக்காரர்கள் சவுக்கோடு நிற்க, ஜனங்கள் வரிசையாகப் போய்ப் பூவுக்குப் பூ கையாலேயே மகரந்தம் தடவுகிறார்கள். நடுநடுவே கம்பெனிச் சங்கு ஊதுகிறது. எழுதும்போது அவளுக்கே உடம்பு சிலிர்த்தது.

திங்கள்கிழமை மனு நாள். கடையில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. கீரனூர்ப் பக்கத்திலிருந்து சண்முகவள்ளி என்ற விவசாயி வந்திருந்தார். தோட்டத்து மின்கம்பம் சாய்ந்து நிற்கிறது, அதற்கு ஒரு மனு வேண்டும். அடித்து முடித்து அறிவுச்செல்வி பிரிண்ட் கொடுத்தாள். காலையில் தாள் தீர்ந்து பாதியில் நின்ற கதை முந்திக்கொண்டு வெளியே வந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. சண்முகவள்ளி அதைத் தன் மனு என்று நினைத்து எடுத்து, எழுத்துக்கூட்டி ஒரு பக்கம் படித்தும் விட்டார்.

"ஏனுங்க அம்மிணி, கம்பத்தப் பத்தி எழுதச் சொன்னா நம்ம பொழப்பையே எழுதி வெச்சிருக்கறீங்க?"

அறிவுச்செல்வி பதறிப் போய்த் தாளைப் பார்த்தாள். "ஐயோ, இது உங்க மனு இல்லக்கா. நான் எழுதுன கதை. 2090ல நடக்குற மாதிரி."

"எதுக்குங்க அவ்வளவு தூரம் போகோணும்? நாளைக்குக் காலைல எங்க அரசாணிக் காட்டுக்கு வாங்க."

திண்டுக்கல்லில் மஞ்சள் பூசணி என்பதற்கு அந்தப் பக்கம் அரசாணி என்று பெயர், வயலுக்குக் காடு என்று பெயர். மூன்று வருடமாகத் தானாகப் பிஞ்சே நிற்பதில்லையாம், எல்லாம் வெம்பி உதிர்கிறதாம். "ஆம்பளப் பூவக் கிள்ளி, எதழ உரிச்சுப் போட்டு, பொம்பளப் பூவுல நாலு தேய்ப்புங்க. போன்ல பாட்டப் போட்டுட்டா நேரம் போறதே தெரியாது."

"தேனீ வராதாக்கா?"

"அதெல்லாம் இப்ப எங்கீங்க வருது" என்றார் சண்முகவள்ளி. அந்தப் பக்கம் இப்போது பஸ் வருவதில்லை என்று சொல்கிற மாதிரி சாதாரணமாகத்தான் சொன்னார்.

அறிவுச்செல்வியின் சவுக்கும் சங்கும் காட்டாத பயத்தை அந்தப் போன் பாட்டு காட்டிவிட்டது. எவ்வளவு சுலபமாகப் பழகிவிட்டார்கள்! ஆனாலும் மனு எழுதிப் பழகிய கை சும்மா இருக்குமா? நாள், நேரம், இடம் இல்லாமல் அவளால் எதையும் எழுத முடியாது.

"பூ எத்தன மணிக்குக்கா விரியும்?"

"அஞ்சரை ஆறுக்கு விரியுமுங்க. பத்துக்கெல்லாம் சுருங்கிரும்."

கணினியில் தட்டிக்கொண்டாள். "பூச்சி மருந்து எப்ப அடிப்பீங்க?"

"வாரம் ஒருக்கா, காலைல ஆறுக்கு. வெயில் ஏறிட்டா அந்த டேங்க்கைத் தோள்ல சுமக்க முடியுமுங்களா? எங்க ஊட்டுக்காரர் பாவம்ல."

அறிவுச்செல்வியின் விரல் நின்றது. திரையில் இரண்டு வரிகள் ஒன்றின் கீழ் ஒன்றாக இருந்தன. பூ விரிவது காலை 5.30. மருந்து அடிப்பது காலை 6. சண்முகவள்ளியும் குனிந்து பார்த்தார். இரண்டு பேருக்கும் ஒரே சமயத்தில் விளங்கியது.

"அட பழனியாண்டவா! தேனீ வர்ற நேரமும் அதுதானுங்களே" என்றார் சண்முகவள்ளி. பிறகு மனுவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, அவசரமாகக் கிளம்பிப் போனார்.

அந்த வாரம் அறிவுச்செல்வி கதையை முதலிலிருந்து எழுதினாள். கம்பெனி, சவுக்கு, சங்கு எல்லாவற்றுக்கும் கல்தா கொடுத்தாள். புதிய 2090-இல் ஜனங்கள் விடியற்காலையில் பாட்டுக் கேட்டபடி பூவுக்குப் பூ தடவினார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குப் போட்டி வைத்து டிபன் பாக்ஸ் பரிசு கொடுத்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. எல்லாம் எங்கே தொடங்கியது என்று பார்த்தால், வெயிலுக்கு முன்னால் வேலையை முடிக்க நினைத்த ஒரு நல்ல மனிதன் தெரிந்தான். சனிக்கிழமை காலை அனுப்பினாள்.

மறுநாள் இளஞ்செழியன் கூப்பிட்டார். "வில்லனே இல்லையே மேடம்?"

"ஆமா சார். எல்லாரும் நல்லவங்கதான்."

"அதான் பயமா இருக்கு. போட்டுருவோம்."

மூன்று மாதத்தில் புத்தகம் வந்தது. ஸ்டான்லி அவள் பெயர் இருந்த பக்கத்தைக் கண்டக்டரிடம் காட்டி, பஸ்ஸில் இருந்தவர்களிடமும் காட்டி, அரை நாளில் அதன் ஓரத்தை அழுக்காக்கிக்கொண்டு வந்தான். அவளுக்குக் கோபமே வரவில்லை.

அடுத்த வாரம் சண்முகவள்ளி ஒரு முழு அரசாணியைப் பையில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தார். அறிவுச்செல்வி ஒரு புத்தகத்தைக் கொடுத்தாள். பெஞ்சில் உட்கார்ந்து கதையைக் கடைசி வரைக்கும் படித்தார்.

"நல்லா இருக்குதுங்க அம்மிணி. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கக்கா."

"அன்னைக்கே ஊட்டுக்காரர்கிட்டச் சொல்லி மருந்தடிக்கறதப் பொழுது சாய மாத்திட்டமுங்க. ஒரு மாசங் கழிச்சுத் தடவப் போறேன், பூவுக்குள்ள ரெண்டு தேனீ கெடக்குது, மேலெல்லாம் மஞ்சப் பொடியப் பூசிக்கிட்டு! அந்தப் பூவ நான் தொடவே இல்லீங்க. அதுல நின்ன காய்தான் இது." சண்முகவள்ளி தயங்கினார். "இப்பப் பக்கத்துக் காட்டுக்காரங்களும் மாத்தறாங்க. அம்புட்டு ஆசையா எழுதியிருக்கறீங்க, உங்க கதை பொய்யாப் போயிருமாட்ட இருக்குதுங்க."

அறிவுச்செல்வி அரசாணியை இரண்டு கையாலும் தூக்கிப் பார்த்தாள். நல்ல கனம். புத்தகம் வந்த அன்றுகூட அவளுக்கு இவ்வளவு சந்தோஷம் வரவில்லை.

"போகட்டும்க்கா" என்றாள். "நல்லாப் பொய்யாப் போகட்டும்."