மேளம் இல்லாத தேர்

எங்கள் நாகிசே ஆற்றங்கரைச் சாலையை ஒரு நாள் மூடுவதைவிட ஆற்றையே மூடிவிடுவது சுலபம் என்று தெருச் சங்கக் கூட்டத்தில் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆற்றுக்கு ஒரே ஒரு முகத்துவாரம். சாலைக்கு நாற்பத்து மூன்று வாசல்.

வாசலுக்கு ஒரு முத்திரை வாங்க வேண்டும். மே ஐந்தாம் தேதி காலை பத்திலிருந்து மாலை நான்கு வரை எங்கள் வீட்டு முன்னால் வண்டி ஓடாமலிருக்கச் சம்மதம் என்று வீட்டுக்கு வீடு ஒரு சின்னச் சிவப்பு வட்டம். நாற்பத்து மூன்று வட்டமும் விழுந்தால்தான் காவல் நிலையத்தில் விண்ணப்பத்தைக் கையால் தொடுவார்கள். சட்டத்தில் அப்படி இருக்கிறதா என்று என்னைக் கேட்காதீர்கள். யாரும் யாரையும் கேட்டதில்லை.

பிள்ளைகள் தினத்துக்கு வாசல் கம்பத்தில் பறக்கவிட்டு, பிள்ளைகள் வளர்ந்த பின் பெட்டிக்குள் கிடக்கும் துணிமீன்களை வீடு வீடாக வாங்கி, ஆற்றுக்குக் குறுக்கே கயிறு கட்டிப் பறக்கவிடுவதுதான் எங்கள் திருவிழா. முந்நூறு மீன், ஒரு தேர், நிறைய வறுத்த நூடுல்ஸ். ஒரு வருஷம் அடித்த காற்றில், மீன் ஒன்று எங்கள் வார்டு உறுப்பினரை வாய் வழியாக விழுங்கி, எதிர்க்கரையில் வால் வழியாக விட்டது. அவர் திரும்பி வரவில்லை. அந்தக் கரை வார்டிலேயே நின்று ஜெயித்துவிட்டார். நான் கண்ணால் பார்த்தது.

முத்திரைக் காகிதத்தை ஒரு பலகையில் மாட்டிச் சுற்றுக்கு விடுவோம். முத்திரை விழுந்ததும் அடுத்த வீடு, அங்கிருந்து அதற்கடுத்த வீடு. இந்த வருஷம் பலகை இருபத்தேழாவது வீட்டில் நின்றுவிட்டது. அது எய்சாகு குராமோச்சியின் சலவைக்கடை. பக்கத்து முடிதிருத்தக் கடைக்குப் பலகை வராததிலிருந்து விஷயம் தெரிந்தது.

இப்படி ஆனால் போய் நேராகக் கேட்பது எங்கள் பக்கத்தில் முறை இல்லை. ஒரு பெட்டி அரிசி வறுவல் கொண்டுபோய்க் கொடுத்து, வெயிலைப் பற்றி நாலு வார்த்தை பேசிவிட்டு வந்துவிடுவோம். அவருக்கே புரிய வேண்டும். ஒன்பது நாளில் எய்சாகு வீட்டில் பதினான்கு பெட்டி சேர்ந்தது. பலகை நகரவில்லை.

சங்கத் தலைவி தொமிகோ ஒகினுமா என்னைக் கூப்பிட்டனுப்பினாள். சாக்கே என்கிற அரிசிமதுக் கடை வைத்திருப்பவள். எழுபது வயதிலும் பீப்பாயைத் தானே உருட்டுவாள்.

"நெமோதோ-சான், நீங்க அவரோட ஒண்ணா படிச்சவர்தானே? போய்ப் பாருங்க."

"நான் போனா பதினஞ்சாவது பெட்டி."

"வெறுங்கையோட போங்க. அப்பதான் உறைக்கும்."

போனேன். எய்சாகு சட்டை ஒன்றைத் தேய்த்துக்கொண்டிருந்தான். தலையைத் தூக்கவில்லை.

"கையில ஒண்ணும் காணோமே, யாசு. சண்டைக்கு வந்திருக்க."

"பல்லு போன வயசுல என்னடா சண்டை? பலகை எங்க?"

"அந்தப் பலகாரத்துக்குப் பின்னாடி இருக்கு. வேணும்னா எடுத்துக்கோ. முத்திரை வைக்கமாட்டேன்."

"ஏன்னு சொல்லு. ஊரே வெயிலப் பத்திப் பேசிப் பேசி, பாவம், வெயிலுக்கே கூச்சமா இருக்கு."

அவன் சிரிக்கவில்லை. தேய்ப்புப்பெட்டியை நிமிர்த்தி வைத்தான்.

அவன் மனைவி புசாயேவுக்கு மூன்று வருஷமாக நினைவு தப்பிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரியும். காலையில் பகல்நேரக் காப்பகத்து வேன் வந்து கூட்டிப்போகும். மதியம் இரண்டு பத்துக்குக் கொண்டுவந்து விடும். தெரியாதது மிச்சக் கதை.

"ஆறு இடது பக்கம் வரணும். அப்புறம் பாலம். அப்புறம் தலைய விரிச்சுப் போட்ட மாதிரி நிக்குதே அந்த வில்லோ மரம். அதுக்கப்புறம் நம்ம கடைப் பலகை. இந்த வரிசையில வந்தாத்தான் அவளுக்கு இது வீடு" என்றான். "போன நவம்பர்ல குழாய் பதிக்கச் சாலையத் தோண்டுனாங்க இல்ல? வேன் பின்பக்கச் சந்து வழியா வந்துச்சு. இது என் வீடு இல்லைன்னுட்டா. மூணு மணி நேரம் வேன்லயே உக்காந்திருந்தா. ஒரு வழியா இறக்கிக் கூட்டிட்டு வந்தேன். பதினோரு நாள் என்னை 'ஐயா, ஐயா'ன்னு கூப்பிட்டா. கடைக்கார ஐயா."

நான் ஒரு பலகாரப் பெட்டியை எடுத்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தேன்.

"பன்னெண்டாம் நாள் என் பேர் திரும்பி வந்துச்சு. அடுத்த தடவை வருமான்னு யாருக்குடா தெரியும்?"

"அன்னிக்கு ஒரு நாள் அனுப்பாம வீட்டுலயே வெச்சுக்கோயேன்."

"பண்ணிப் பாத்துட்டேன். சாயங்காலம் வரைக்கும் வாசல்ல நிக்கிறா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேன் வரலையேங்குறா. வீட்டு வாசல்லயே நின்னுக்கிட்டு."

"சரி, தடுப்புக்கிட்ட இறக்கி நடத்திக் கூட்டிட்டு வா."

"கூட்டத்தைப் பாத்தா கையை உதறிட்டுப் போயிடுவா. பக்கத்துல ஆறு."

"நாலு மணிக்கு மேல?"

"பொழுது சாஞ்சா அவளே வேற ஆளு." சட்டையை மடிக்க ஆரம்பித்தான். "திருவிழா வேண்டாம்னு நான் சொல்லல யாசு. முத்திரை வைக்கல. அவ்வளவுதான்."

திரும்பி வந்து சங்கத்தில் சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை. அதனாலேயே முதலில் யாரும் நம்பவில்லை. இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு முடிதிருத்துகிறவர், "இந்த வருஷம் விட்டுடுவோமே, மீனுங்க பெட்டியிலேயே தூங்கட்டும்" என்றார். ஒருவரும் மறுக்கவில்லை. தொமிகோ மட்டும் சால்வையின் ஓரத்தைத் திருகிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் ஆரம்பித்த திருவிழா அது.

"விண்ணப்பத்தைக் கொடுங்க, கிழிச்சிடறேன்" என்றாள்.

இருபத்திரண்டு வருஷமாக அந்த விண்ணப்பத்தை எழுதுவது நான்தான். என் முறை எளிது: போன வருஷத்துக் காகிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேதியை மாற்றி, மற்றதை அப்படியே எழுதுவேன். போன வருஷம் அதற்கு முந்தைய வருஷத்தைப் பார்த்து எழுதியது. இந்த நகரமே அப்படித்தான் நடக்கிறது.

தொமிகோ கிழிப்பதற்கு முன் வாசித்தாள். வாசிக்காமல் எதையும் கிழிக்கமாட்டாள்.

"'ஊர்வலம்: ஆட்கள் கயிற்றால் இழுக்கும் தேர், இரண்டு.' நம்மகிட்ட எத்தனை தேர் இருக்கு?"

"ஒண்ணு."

"இன்னொண்ணு?"

"கறையான் தின்னுடுச்சு. பதினேழு வருஷம் ஆச்சு." உண்மையைச் சொன்னேன். கறையான்கள் மரியாதை தெரிந்தவை. மேல்பூச்சைத் தொடாமல் உள்ளே மட்டும் தின்றிருந்தன. திருவிழாவன்று கயிற்றைப் பிடித்து இழுத்தோம். கயிறு மட்டும் வந்தது. மேலே உட்கார்ந்து புல்லாங்குழல் ஊதியவர் அப்படியே தரைக்கு வந்தார், ஆனால் ஊதுவதை நிறுத்தவில்லை. பாட்டு முடிந்த பிறகுதான் சுற்றிப் பார்த்தார்.

"அப்ப பதினேழு வருஷமா இல்லாத தேரை இருக்குன்னு போலீசுக்கு எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"போன வருஷக் காகிதத்துல அப்படித்தான் இருந்துச்சு."

தொமிகோ என்னையே பார்த்தாள். திட்டப் போகிறாள் என்று காதைத் தயாராக வைத்துக்கொண்டேன். ஆனால் அவள் பார்த்தது என்னை இல்லை, எனக்குப் பின்னால் எதையோ.

"நெமோதோ-சான், தேர்னா என்ன?"

"சக்கரம் இருக்கணும். கயிறு இருக்கணும். இழுக்க ஊர் இருக்கணும்."

"மேல?"

"மேல யாராவது உக்காந்திருக்கணும்" என்றேன். சொல்லி முடிக்கும்போது எனக்கும் புரிந்துவிட்டது.

மறுநாள் இருவரும் எய்சாகுவிடம் போனோம். வேனையே இரண்டாவது தேராக இழுத்து வருகிறோம் என்று தொமிகோ சொன்னதை முழுக்கக் கேட்டான். கேட்டுவிட்டு, பலகாரப் பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்திப் பலகையை எடுத்தான்.

"மேளம் கூடாது" என்றான். "புல்லாங்குழல் கூடாது. கூச்சல் கூடாது. இடது ஜன்னல் பக்கம் யாரும் நிக்கக் கூடாது. அவ ஆத்தைப் பாக்கணும்."

"மேளம் இல்லாம தேரா?" என்றேன்.

"அப்ப வெச்சுக்கோ உன் பலகையை."

"மேளம் இல்ல" என்றாள் தொமிகோ. சிவப்பு வட்டம் விழுந்தது.

தொமிகோவும் நானும் காவல் நிலையத்துக்குப் போனோம். அங்கே ஷிராதோ என்ற அதிகாரி. மூக்குக் கண்ணாடியும் நேர்வகிடும், சாலை விதிகளைத் தாலாட்டாகக் கேட்டு வளர்ந்த முகம். மூடிய சாலையில் வண்டி விடக் கூடாது என்று ஆரம்பித்தார்.

"வண்டி இல்லீங்க, தேர்" என்றேன்.

"இன்ஜின் இருக்குல்ல?"

"இருக்கும். ஓடாது. சாவியை இந்தம்மா இடுப்புல செருகிக்குவாங்க."

"உள்ளே ஓட்டுநர்?"

"பிரேக்குக்கு ஒரு ஆள். முதல் தேர்லயும் பிரேக்குக்கு ஒருத்தர் இருக்கார். கேட்டுப் பாருங்க, காது மட்டும் கேக்காது."

முப்பத்து நான்கு வருஷம் அந்தச் சாலையில் நகரப் பேருந்து ஓட்டியவன் நான் என்பதையும், அந்தப் பழைய வேனில் சாவியை எடுத்தாலும் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாது, ஆனால் இன்ஜின் நின்றால் எருமை மாதிரி முரண்டு பிடிக்கும், பிரேக் கல்லாகும், வேன் ஓட்டுநர் இசோசாகிக்கு அதை இரண்டு நாள் பழக்கிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் அலமாரியைத் திறந்து பழைய விண்ணப்பங்களை எடுத்துப் புரட்டினார். தொமிகோவின் முழங்கை என் விலாவில் பதிந்தது. பதினேழு வருஷத்தையும் புரட்டினார்.

"வருஷா வருஷம் ரெண்டு தேர்" என்றார்.

"ஆமாங்க."

"போன வருஷம் நான் பந்தோபஸ்துல இருந்தேன். ஒண்ணுதான் பார்த்தேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் தொமிகோ தலை குனிந்து, "உங்க பார்வையில படாம போனதுக்கு மன்னிக்கணும்" என்றாள்.

ஷிராதோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாருக்காக என்று கேட்டார். சொன்னோம். கண்ணாடி ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது, மறுபடி துடைத்தார். "அப்ப இது வழக்கம்போலதான்" என்று முத்திரை குத்தினார்.

மே ஐந்தாம் தேதி ஒன்றே முக்காலுக்கு முதல் தேர் நின்றது. மேளத்துக்குமேல் போர்வை போட்டு மூடினோம். சரியாக இரண்டு மணிக்குத் தடுப்புக்கு வெளியே வேன் வந்தது. கடைசியாக இறங்க வேண்டியவர்கள் மூன்று பேர் உள்ளே: இடது ஜன்னலோரம் புசாயே, பின்னால் ஒரு கிழவி, ஒரு முன்னாள் தபால்காரர். இசோசாகி இன்ஜினை நிறுத்தினார். தொமிகோ சாவியை வாங்கிக்கொண்டாள். ஷிராதோவே தடுப்புக் கம்பை நகர்த்தினார்.

நீல அங்கி போட்ட இருநூறு பேர் கயிற்றைப் பிடித்தோம், எல்லோரும் வலது பக்கம். 'இழு' என்று கத்துவதற்குப் பதிலாக நான் கையிலிருந்த விசிறியைத் தாழ்த்தினேன்.

ஊர் கூடி இழுக்கும்போது ஒரு சத்தம் தானாக வயிற்றிலிருந்து வரும். அதை விழுங்கிக்கொண்டு இழுத்துப் பாருங்கள். நூடுல்ஸ் வறுத்தவன் கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றான். அழப் பார்த்த கைக்குழந்தை ஒன்று, சுற்றிலும் யாரும் பேசாததைக் கண்டு யோசித்து விட்டுவிட்டது. ரப்பர் சக்கரம் உருளும் ஓசை, தலைக்குமேல் முந்நூறு துணிமீன்கள் படபடக்கும் ஓசை, அவ்வளவுதான். ஆற்றில் ஏதோ ஒரு மீன் தும்மியது. நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

முன்னாள் தபால்காரர் மட்டும் வலது ஜன்னல் வழியாக எங்களுக்குக் கையசைத்துக்கொண்டே வந்தார். நாங்களும் தலைவணங்கிக்கொண்டே இழுத்தோம்.

பாலம் வந்தது. வில்லோ மரம் வந்தது. கடை வாசலில் எய்சாகு தினமும் நிற்கிற இடத்தில், தினமும் கட்டுகிற ஏப்ரனோடு நின்றான். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஏப்ரனைப் பிடித்துக்கொண்டிருந்தான். வேன் நின்றது. கதவு திறந்தது.

"வந்துட்டியா" என்றான், தினமும் சொல்வதுபோல.

புசாயே இறங்கவில்லை. ஆற்றைப் பார்த்தாள். திரும்பினாள். கயிற்றைப் பிடித்தபடி நீல அங்கியில் நிற்கும் எங்களைப் பார்த்தாள். ஒரு முகத்திலிருந்து அடுத்த முகத்துக்கு, மெதுவாக. அவள் புருவம் சுருங்கியது. என் அறுபத்தெட்டு வருஷ நண்பன் அவ்வளவு சின்னவனாக நின்று நான் பார்த்ததில்லை.

"இவ்வளவு பேரையும் வெளிய நிக்க வெச்சிருக்கீங்களே" என்றாள் அவள். "எல்லார் துணியும் கசங்கிக் கெடக்கு. தேய்ப்புப்பெட்டிய சூடு பண்ணலையா, எய்சாகு?"

அவன் உள்ளே ஓடப் பார்த்தான், அவளை விட்டு நகர மனம் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினான்.

அவள் படியில் கால் வைத்து, யார் கையையும் பிடிக்காமல் இறங்கி, கடைக்குள் போய் மேஜைக்குப் பின்னால் நின்றாள். "வாங்க, வரிசையா வாங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை. தொமிகோ முதலில் அங்கியைக் கழற்றினாள். பிறகு முடிதிருத்துகிறவர். பிறகு நான். ஷிராதோவும் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு, அதைக் கொடுக்கலாமா என்று விதி தேடுகிற முகத்தோடு வரிசையில் நின்றார்.

என் அங்கியை வாங்கிக் கழுத்துப்பட்டையைப் பிரித்துப் பார்த்தாள் புசாயே. "எப்பவும் இங்கதான் அழுக்கு" என்றாள். "என்ன பேரு?"

இருபது வயதிலிருந்து என்னைத் தெரிந்தவள். சொன்னேன். சீட்டில் நிதானமாக எழுதி அங்கியில் குத்தினாள். "செவ்வாய்க்கிழமை வாங்க. சொன்ன நாள்ல கொடுத்துடுவோம். அவர் கொஞ்சம் மெதுவா தேய்ப்பாரு, ஆனா நல்லா தேய்ப்பாரு."

உள்ளே ஆவி கிளம்பியது. எய்சாகு முதல் அங்கியை விரித்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தேய்க்க ஆரம்பித்திருந்தான்.