பதினேழாம் பெட்டி

சகலையின் பேச்சை எடுத்தாலே அவருக்கு வயிறு எரியும். மனைவியின் தங்கையைக் கட்டியவன், வேலையில் சேர்ந்து நான்கே வருடம். இவரோ அந்தத் தாழ்நிலப் படுகையில் துளைபோட்டு எடுத்த பாறைத் தண்டுகளைப் பதினாறு வருடமாகப் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கண் பூத்துப்போனவர். ஆனால் அடுக்குகளின் வயதைக் கணித்து இன்று அறிக்கை வாசிக்கப்போவது அவன். வாசிப்பு நன்றாக அமைந்தால் படுகையின் முழுப் பொறுப்பும் அவனுக்கு, சொதப்பினால் இவருக்கு. மாமியார் வீட்டில் மின்விசிறிக்கு நேர் கீழே இருக்கும் நாற்காலியை ஏற்கெனவே அவன் பிடித்துக்கொண்டாயிற்று.

காலையில் கிடங்கில் யாரும் இல்லை. அவன் மேஜைமேல் கிடந்த வயதுப் பட்டியலை எட்டிப் பார்த்தார். பதினேழாம் பெட்டியில் இரண்டு எரிமலைச் சாம்பல் அடுக்குகள். மேலே இருப்பதற்கு முப்பது லட்சம் ஆண்டு, கீழே இருப்பதற்கு இருபது லட்சமாம். அடியில் கிடப்பதுதான் மூத்தது என்பது முதல் வருட மாணவனுக்கும் தெரியும்.

பெட்டியைத் திறந்தார். தண்ணீரில் வந்த மண்ணில் பருமணல் முதலில் அடியில் தங்கும், பொடிமணல் அதன்மேல் படியும். இங்கே பொடி அடியில், பரு மேலே. தண்டைத் தலைகீழாக வைத்திருக்கிறார்கள். அவனிடம் சொல்லலாம் என்று வாய்வரை வந்தது. 'படட்டும், அப்போதான் புத்தி வரும்' என்று மூடியைச் சாத்தினார். மதியச் சாப்பாடு அன்றைக்குத் தனி ருசியாக இருந்தது.

கூட்டத்தில் முதல் வரிசையில் இடம் பிடித்து உட்கார்ந்தார்.

"பதினேழாம் பெட்டியில வயசு மாறி வந்துச்சு சார். மண்டை காஞ்சு போயிட்டேன். அப்புறம் மணலைப் பார்த்தா, தண்டே தலைகீழா இருக்கு. திருப்பிக் கணக்குப் போட்டா எல்லாம் சரியா உக்காருது," என்றான் சகலை. திரையில் திருத்திய பட்டியல் வந்தது.

"யாருய்யா அடுக்கினது?" என்றார் தலைவர்.

அந்தத் தண்டை எடுத்த வருடத்துப் பெட்டிகள் எல்லாம் தன் கையால் அடுக்கியவை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"பழைய பெட்டி சார். மூடியில அடுக்கினவர் கையெழுத்து அழிஞ்சிடுச்சு," என்றான் சகலை.

படுகை சகலைக்கே போயிற்று. எல்லோரும் கைதட்டினார்கள், அவரும் தட்டினார். கூட்டம் கலைந்ததும் நேராகக் கிடங்குக்குப் போய் மூடியைத் திருப்பிப் பார்த்தார். அவருடைய கையெழுத்து பளிச்சென்று இருந்தது.

பின்னால் வந்து நின்ற சகலை மெதுவாகச் சொன்னான்: "காலையில நீங்க பெட்டியத் திறந்து மூடினதை வாசல்லேர்ந்து பார்த்தேன் அண்ணே. வந்து சொல்லுவீங்கன்னு கூட்டம் வரைக்கும் காத்துக்கிட்டு இருந்தேன்."