இரண்டாவது பெயர்

பல்கலைக்கழகத்துக்கு ஐம்பது வயது ஆகிறதாம். ஐம்பது ஆனால் மனிதர்களுக்கு முட்டி வலிக்கும். பல்கலைக்கழகங்களுக்குப் பழைய பெருமை ஞாபகம் வரும். நுழைவாயில் சுவர் நெடுக 'மைல்கற்கள்' என்று பலகைகள் மாட்டப் போகிறார்கள். அதில் ஒரு பலகை விருத்தாம்பாளுக்கு.

வரலாற்றுத் துறைப் பேராசிரியையாக ஓய்வு பெற்று வந்து, செஞ்சியில் இரண்டு அறை வீட்டில் தனியாக இருந்தாள். போன் அடித்தால் பெரும்பாலும் கேஸ் சிலிண்டர்க்காரனாக இருக்கும். அந்த வெள்ளிக்கிழமை அடித்தது பிரம்மி, விழாக் குழுவில் வேலை பார்க்கும் பெண்.

"மேடம், வாட்ஸ்அப்ல அனுப்பிருக்கேன். பாத்து ஓகே சொல்லிட்டீங்கன்னா பிரிண்டுக்குப் போயிடும்."

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். 1984, முதல் பெண்கள் விடுதி. 1991, வரலாற்றில் முனைவர் பட்டம் பெற்ற முதல் பட்டியல் சாதிப் பெண், விருத்தாம்பாள். 2004, பார்வையற்ற முதல் பேராசிரியர். 2017, முதல் திருநங்கை மாணவி. எல்லாம் முதல், முதல், முதல். இரண்டாவதாக வந்த பாவப்பட்ட ஜென்மங்களுக்குச் சுவரில் ஒரு சாண் இடம் கிடையாது.

"எனக்கு அடுத்தது யாரும்மா? எங்க டிபார்ட்மென்ட்ல, எங்க ஆளுங்கள்ல, ரெண்டாவதா பட்டம் வாங்கின பொம்பள?"

பிரம்மி நல்ல பெண். எதையோ புரட்டிப் பார்த்துவிட்டு, "2010 மேடம். நடுவுல யாரும் இல்ல" என்றாள்.

பத்தொன்பது வருஷம். திங்கட்கிழமை சாயந்திரம் சொல்வதாகச் சொல்லி விருத்தாம்பாள் போனை வைத்தாள். நடுவில் ஒருத்தி இருந்தாள். ஜெயஸ்ரீ என்று பெயர். அவளை வராமல் செய்தது வேறு யாரும் இல்லை, விருத்தாம்பாளேதான்.

ஜெயஸ்ரீ அவளிடம் ஆய்வுக்குச் சேர்ந்த முதல் மாணவி. சிங்கவரத்துப் பெண், ஒரே தெருக்காரி என்றுகூடச் சொல்லலாம். இந்த வட்டாரத்து ஏரிகளில் மண் சுமந்தவர்கள் யார் என்பது ஆய்வு. ராஜாக்களைப் பற்றி எழுதத்தான் ஆயிரம் பேர் இருக்கிறார்களே. நெறியாளர் கையெழுத்து விழுந்தால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்க முடியும். துறையில் மற்ற பேராசிரியர்கள் கிரிக்கெட் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். விருத்தாம்பாள் அப்படிப் போட முடியுமா? தன் ஆளுக்குச் சலுகை காட்டிவிட்டாள் என்று ஒரு வாய் சொல்லிவிட்டால்? அந்த ஒரு வாய்க்குப் பயந்து மூன்று முறை சிவப்பு மையால் கோடு கிழித்துத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாவது முறை ஏட்டில் குறை எதுவும் இல்லை. அடிக்குறிப்பின் ஒழுங்கு சரியில்லை என்று எழுதினாள். நாலாவது முறை ஜெயஸ்ரீ வரவே இல்லை.

இப்போது வல்லத்தில் ஒரு அரசுப் பள்ளிக்கு அவள் தலைமையாசிரியை. போன வருஷம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தூரத்தில் பார்த்ததும் விருத்தாம்பாள் மருந்துக்கடைக்குள் நுழைந்து, இல்லாத தலைவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டு நின்றாள். அவ்வளவு தைரியசாலி.

திங்கட்கிழமை வல்லத்துக்கு பஸ் ஏறிவிட்டாள். மன்னிப்புக் கேட்க வேண்டும். அவளும் சம்மதித்தால், நடந்ததை எழுதி அவள் பெயரையும் பலகையில் சேர்க்கச் சொல்ல வேண்டும். இல்லையென்றால் தன் பெயரும் வேண்டாம். பஸ்ஸில் வாக்கியங்களை வரிசைப்படுத்திப் பார்த்தாள், விரிவுரைக்குத் தயார் செய்வதுபோல. ஒன்றும் உருப்படியாக வரவில்லை.

பள்ளியில் சாப்பாட்டு மணி அடித்திருந்தது. ஜெயஸ்ரீ நரைத்த தலையோடு எழுந்து நின்றாள். "மேடம்! உக்காருங்க. வெயில்ல இன்னாத்துக்கு வந்தீங்க, ஒரு போன் பண்ணிருக்கலாமே."

விருத்தாம்பாள் நின்றுகொண்டே சொல்லிவிட்டாள். "நீ மூணாவது தடவ குடுத்த தீசிஸ்ல தப்பே இல்ல ஜெயஸ்ரீ. என்ன பேசிடுவாங்களோன்னு பயந்துட்டேன். உன் வாழ்க்கைய நான் கெடுத்துட்டேன்."

"தெரியும் மேடம். அப்பவே தெரியும்."

"அப்புறம் ஏன் நீ நாலாவது தடவ வரல? சண்ட போட்டிருந்தா கையெழுத்துப் போட்டிருப்பேனே."

ஜெயஸ்ரீ மேசைமேல் இருந்த வருகைப் பதிவேட்டை மூடி வைத்தாள். "வந்தேன் மேடம். உங்க ரூம் கதவு வரைக்கும் வந்தேன். மத்தியானம். மத்தவங்கல்லாம் அந்தாண்ட ஸ்டாப் ரூம்ல சிரிச்சிக்கினு சாப்டுட்டு இருக்காங்க. நீங்க மட்டும் டிபன் பாக்ஸத் தொறந்து வச்சிக்கினு, செவுத்தப் பாத்து சாப்டுட்டு இருந்தீங்க. கொஞ்ச நேரம் பாத்துக்கினே நின்னேன். இவ்ளோ பாடுபட்டுப் படிச்சி முடிச்சா நாமளும் இப்டித்தான் உக்காரணுமான்னு தோணிச்சி. திரும்பிட்டேன். நீங்க ஒண்ணும் கெடுக்கல."

திட்டியிருந்தால் விருத்தாம்பாள் தாங்கியிருப்பாள், அதற்குத்தான் தயாராக வந்திருந்தாள். தான் போடாத கையெழுத்துதான் ஒருத்தியைத் துரத்தியது என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தாள். துரத்தியது அவள் தனியாக உட்கார்ந்து சாப்பிட்ட விதம். அவமானமாக இருந்தது. யாரோ கவனித்திருக்கிறார்கள் என்பதில், வெட்கத்தைவிட்டுச் சொன்னால், கொஞ்சம் ஆறுதலாகவும் இருந்தது.

"யுனிவர்சிட்டி சுவத்துல பலகை மாட்டறாங்க, மொதல்ல பட்டம் வாங்கினவன்னு என் பேரு போட்டு. அதுல உன் பேரும்..."

"என் பேரு வேணாம் மேடம். உங்களுது இருக்கட்டும். நீங்க அங்கயே நின்னீங்க இல்ல." பிறகு பக்கத்து அறையைக் காட்டினாள். ஆறேழு ஆசிரியர்கள் மேசையைச் சேர்த்துப் போட்டு, ஒருவர் டப்பாவில் ஒருவர் கைவிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்திருந்தார்கள். "வாங்க, எங்களோட ஒரு வாய் சாப்டுங்க. டீச்சர், மேடத்துக்கு ஒரு சேர் போடுங்க."

காலையில் ஒரு காபியோடு கிளம்பியவள். வயிறு காந்தியது. உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தமும் கேட்டது.

"சாப்டுட்டேன்" என்றாள் விருத்தாம்பாள்.

முப்பது வருஷமாக யார் கூப்பிட்டாலும் சொல்லிப் பழகிய வார்த்தை. அவளுக்கு முந்தி வாய் சொல்லிவிட்டது. ஜெயஸ்ரீ அவள் முகத்தை ஒரு கணம் பார்த்தாள். வற்புறுத்தவில்லை. மேடம் ஒருமுறை சொன்னால் சொன்னதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

செஞ்சிக்குத் திரும்பும் பஸ் வர இன்னும் அரைமணி நேரம் இருந்தது.