மால்டா படிப்பு

"யாரு கேட்டாலும் மெடிசின்னு சொல்லு. அதுக்கு மேல பேசாத."

"நோண்டி நோண்டிக் கேப்பாங்களேங்க."

"மால்டாவுல மெடிசின், அவ்வளவுதான். அந்த ஊரு எந்தப் பக்கம் இருக்குன்னு இங்க எவனுக்குத் தெரியும்?"

மூன்று வருடங்களுக்கு முன், மகனை விமானம் ஏற்றிவிட்டுத் திரும்பும்போது காரில் பத்மநாபன் சொன்னது. கணவரின் இடுப்புக்கு அடியில் கையைக் கொடுத்துப் புரட்டப் பார்த்தபோது சுசீலாவுக்கு அது ஞாபகம் வந்தது. புரட்ட முடியவில்லை. நேற்று இரவு பிடித்துக்கொண்ட முதுகு இன்னும் விடவில்லை.

வெளியே மணல்காற்று. விடிந்து நேரமாகியும் ஜன்னலில் பழுப்பு வெளிச்சம்தான். அபுதாபி முசஃபா ரோட்டின் லாரிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஏ.சி.யிலிருந்து தண்ணீர் ஒழுகி வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது.

சதீஷ்குமாருக்குப் பதினெட்டு முடிந்த வருடம் வீட்டில் எல்லோருக்கும் பயம் பிடித்திருந்தது. மகள் என்றால் கல்யாணம் ஆகும்வரை அப்பாவின் விசாவில் இருக்கலாம். மகன் படித்துக்கொண்டிருந்தால்தான் இருக்க முடியும். மெடிசினுக்கு மார்க் போதவில்லை. மால்டாவை அவனேதான் கண்டுபிடித்தான். அபுதாபியில் பாதிகூட இல்லாத தீவு. வயதானவர்களைப் பராமரிக்கும் தொழிற்படிப்பு. வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு, மற்ற நாள் முதியோர் இல்லத்தில் வேலை. பத்மநாபன் பணம் கட்டினார், கையெழுத்துப் போட்டார். "பீ மூத்திரம் அள்ளறதுக்கு ஒரு படிப்பா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதற்குப் பிறகு அந்தப் படிப்பைப் பற்றி மகனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

சதீஷ் போனில் அம்மாவிடம்தான் எல்லாம் சொல்வான். அந்த ஊர் பாஷையில் எண்கள் கிட்டத்தட்ட அரபி மாதிரியே இருக்கிறதாம். பள்ளிக்கூடத்தில் கட்டாயத்துக்குப் படித்த அரபி அங்கே கை கொடுத்ததாம். அவனோடு படிக்கிற அந்த ஊர்ப் பையன் ஒருவனின் அப்பா வக்கீலாம். மகன் என்ன படிக்கிறான் என்று யார் கேட்டாலும் அவர் சாதாரணமாகச் சொல்லிவிடுவாராம். "முதல் பரீட்சை என்ன தெரியுமாம்மா? ஒருத்தரைக் குளிப்பாட்டணும். முதல்ல துண்டு போட்டு மூடணும். எந்த இடத்தைக் கழுவறோமோ அதை மட்டும் திறக்கணும். அவங்களுக்கு அம்மணமா இருக்கோம்னு தோணிட்டா நாம ஃபெயில்."

ஆரம்பத்தில் அவள் போனில் பேசும்போதெல்லாம் பத்மநாபன் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைப்பார். உடம்புக்கு முடியாமல் போனபின் கூட்டுவதில்லை. அணைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

ஈரல் புற்று. இனிச் செய்ய ஒன்றுமில்லை, ஊருக்குக் கூட்டிப்போங்கள் என்றார்கள் ஆஸ்பத்திரியில். ஏர்லைன்ஸ்காரர்கள் இந்த நிலைமையில் ஏற்ற மாட்டோம் என்றார்கள். நேற்று விசிட் விசாவில் வந்து இறங்கிய சதீஷ், அப்பாவின் முகத்தைப் பார்ப்பதற்கு முன் போர்வையை விலக்கிப் பாதங்களைப் பார்த்தான். கணுக்காலில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு மூடினான். ராத்திரி அவரைத் திருப்பிப் படுக்கவைக்கக் குனிந்தபோது பத்மநாபன் அவன் கையைத் தட்டிவிட்டார். "சுசீ" என்று அவளைக் கூப்பிட்டார்.

காலையில் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தவளின் பக்கத்தில் சதீஷ் வந்து நின்று, "இன்னைக்குத்தாம்மா" என்றான்.

அவள் குழாயை மூடினாள். என்ன செய்வது என்று கேட்டாள்.

"ஒண்ணும் செய்ய வேணாம். வாயை ஈரமா வச்சுக்கணும், சுத்தமா வச்சுக்கணும். எத்தனையோ பேருக்குப் பண்ணியிருக்கேன். அப்பாவுக்குப் பண்ண விட மாட்டேங்கறாரு."

அப்போதிலிருந்து சுசீலாவின் மனதில் ஒன்றைத் தவிர வேறு எதுவும் இல்லை. போகப் போகிறவர் போகட்டும். பிள்ளையின் கையைத் தட்டிவிட்டதே கடைசியாக இருந்துவிடக் கூடாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

பத்து மணி வாக்கில் வாசு வந்தான். ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனியில் பத்மநாபனுக்குக் கீழே வேலை பார்ப்பவன். தலையெல்லாம் மணல். சதீஷைப் பார்த்ததும் அவன் முகம் தெளிந்தது. டாக்டர் வந்தாச்சு, இனிக் கவலையில்லை என்றான். கட்டிலருகே போய்ப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணி, வீட்லயே ஏதாவது ஆயிட்டா போலீஸ் வரும், விசாரணைன்னு வரும். ஆம்புலன்சுக்குச் சொல்லிடலாம். தம்பி, நீ சொல்லு. இருக்கிறதுல நீதான் டாக்டர்."

சதீஷ் நேற்றிலிருந்து தோளிலேயே கிடக்கும் வெள்ளைத் துண்டின் நுனியைப் பிடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தான். அவர் கண் மூடியிருந்தது. ஆனால் அவர் தூங்கவில்லை என்று சுசீலாவுக்குத் தெரியும்.

அப்போதுதான் நாற்றம் எழுந்தது. பத்மநாபனின் முகம் சுருங்கிக் கோணியது. வாசு தன்னையறியாமல் ஓரடி பின்னால் போனான். சுசீலா விரிப்பின் விளிம்பைப் பிடித்துக் குனிந்தாள். முதுகில் வெட்டியது போல் வலி. கட்டில் கம்பியைப் பிடித்து அப்படியே நின்றுவிட்டாள்.

சதீஷ் ஓரடி முன்னால் வந்து நின்றான். அதற்கு மேல் வரவில்லை.

"நீங்க விடுங்கண்ணி. கீழ் ஃப்ளாட்ல ஒரு நர்ஸ் இருக்காங்க, கூட்டிட்டு வரேன்" என்றான் வாசு. "தம்பிக்கு இதெல்லாம் பழக்கம் இருக்காது."

பத்மநாபனின் மூச்சு நின்றது. வாளியில் சொட்டும் தண்ணீர் மட்டும் கேட்டது. சுசீலா மகனைப் பார்த்தாள். அவன் அப்பாவின் நெஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான். நீண்ட நேரத்துக்குப் பிறகு மூச்சு ஒரு இழுப்பில் திரும்பி வந்தது. அவர் கண்ணைத் திறந்தார். உதடு அசைந்தது. அவள் குனிந்து காதைக் கொடுத்தாள். உன்னிடம் இல்லை என்பதுபோல் அவர் தலையை அசைத்தார்.

"வாசு."

"சொல்லுங்கண்ணே."

"அவனுக்குப் பழக்கந்தான். டாக்டரெல்லாம் இல்ல. இதுதான் அவன் படிச்சது."

வாசு சுசீலாவைப் பார்த்தான். அவள் பார்வையைத் தாழ்த்தவில்லை.

"ஆம்புலன்ஸ் வேணாம்." மூச்சில் மறுபடி ஒரு இடைவெளி. பத்மநாபன் மகன் பக்கம் முகத்தைத் திருப்ப முயன்றார். பாதிதான் திரும்பியது.

"சதீஷு… என்னக் கழுவி விடுறா."

சதீஷ் தோளிலிருந்த துண்டை எடுத்து உதறி, முதலில் அதை அவர் இடுப்பின் மேல் விரித்தான்.