துளை விழுந்த கட்டைகள்

கயிறு அப்பாவின் தோளைச் சுற்றியே கிடந்தது. சத்யா அதை அவிழ்த்தாள். மறுமுனை ஒரு பலாக்கட்டையில் கட்டியிருந்தது. கட்டையைப் பாறைக்கு இழுத்துக்கொண்டு போகும்போதே அப்பா சுப்பண்ணன் குப்புற விழுந்திருந்தார். வாயில் மண். அவள் டீ கொண்டுவந்தபோது உடம்பு ஆறிப்போயிருந்தது.

போன வாரம்தான் ஒன்பது பலாமரங்களை வெட்டிச் சாய்த்தார். எல்லாவற்றிலும் துளைப்பான் புழு. கீழே காரவள்ளியில் மாமரங்களைத் தின்றுகொண்டிருந்த வண்டு அது; மலைக் குளிருக்கு மேலே வந்ததில்லை. இப்போது மார்கழியில்கூடப் போர்வை வேண்டியிருப்பதில்லை. வண்டு ஏறிவிட்டது. கோடை மழை விழுந்தால் கட்டைக்குள் இருப்பது வெளியே வந்து பறக்கும், அதற்குள் எரித்துவிடுங்கள் என்று தோட்டக்கலை ஆபீஸில் சொல்லி அனுப்பினார்கள். மிச்சம் நின்றவை பதினோரு மரங்கள். அதில் ஏறியிருந்த மிளகுக்கொடிதான் வீட்டுக்குச் சோறு.

வெட்டிய இடத்திலேயே எரிக்கத்தான் அப்பா அடுக்கினார். சித்தப்பா குழந்தைசாமி வேலியோரம் வந்து நின்றார். "இங்க நெருப்பு வெச்சீன்னா எம் மொளகுக்கொடி கருகும். அப்பறம் அண்ணன் தம்பின்னு பாக்கமாட்டேன்." அதனால்தான் அன்று விடியுமுன்னே, கொடி இல்லாத பாறைக்கு இழுக்கப்போனார். கூட வருகிறேன் என்ற சத்யாவிடம், நீ படுத்துத் தூங்கு கண்ணு என்றார். ஒரு கட்டைகூடப் போய்ச் சேரவில்லை.

மத்தியானம் தம்பி முரளி திருப்பூரிலிருந்து பஸ்ஸில் வந்து சேர்ந்தான். வாசலில் கூட்டம் நின்றது. குழந்தைசாமி செல்போனில் சிதைக்கு மாங்கட்டை சொல்லிக்கொண்டிருந்தார்.

"கட்டை சொல்லாதீங்க சித்தப்பா. காட்டுல கெடக்குது" என்றாள் சத்யா.

போனை மார்பில் அழுத்திக்கொண்டு அவளைப் பார்த்தார். "பூச்சி தின்ன கட்டையிலயா உங்கப்பனப் போடச் சொல்ற?"

"பதினாறு முடியற வரைக்கும் காட்டுல கத்தி ஆகாது, நெருப்பு ஆகாதுன்னு காலையில நீங்கதானுங்க சொன்னீங்க. இன்னிக்கு எரியப்போற நெருப்பு ஒண்ணுதான். அதுலயே போட்டுருங்க."

"எங்கண்ணன் செத்துக் கெடக்கறான். இவளுக்கு வண்டு பெருசாப் போச்சு."

"வண்டாலதான் செத்தாரு." பிறகு, "வண்டாலயும்" என்றாள்.

கூட்டத்தில் யாரோ இருமினார்கள். சித்தி பொன்னம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "அழுகை வரலீன்னா உள்ள போயி உக்காரு சாமி. ஊரு பாக்குது."

"பாக்கட்டுங்க சித்தி."

குழந்தைசாமி காட்டுக்குப் போய்க் கட்டைகளைச் சுற்றிவந்தார். திரும்பும்போது குரல் இறங்கியிருந்தது. "சரி. பூச்சி குடிச்ச மரம், பாதி காஞ்சுதான் கெடக்குது. நானே டிராக்டர்ல ஏத்தியுடறேன்."

அத்தனை சீக்கிரம் அவர் இறங்கிவந்தது சத்யாவுக்குப் பிடிக்கவில்லை. முரளியைத் தனியே கூப்பிட்டாள். "பொம்பளைங்க சந்தியோட நின்னுக்கோணும். நீதான் பாக்கோணும். ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது."

"சரிக்கா."

"மொட்டையடிச்சுக்கிட்டு நிக்கறப்பவும் கண்ணு கட்டை மேலயே இருக்கோணும்."

"அதான் சரின்னனே."

சந்தியில் பெண்கள் நின்றுகொண்டார்கள். சரிவுக்குக் கீழே புகை எழும்பியது. பச்சைக் கட்டையின் புகை, வெள்ளையாக, தடிமனாக. அவள் அது மேலேறும்வரை பார்த்தாள்.

ஆண்கள் குளித்துத் திரும்பினார்கள். "எல்லாத்தையும் போட்டீங்களா?"

முரளி தலையைத் துவட்டிக்கொண்டிருந்தான். "போட்டாச்சு." துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை.

செத்த வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது என்பதால் சாப்பாடு சித்தப்பா வீட்டில். பொழுது இறங்கும் நேரம் சத்யா அங்கே போனாள். குழந்தைசாமி புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். சிமெண்ட் மூட்டைகளுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போர்த்தி ஏதோ நீளமாகக் கிடந்தது. தூக்கிப் பார்த்தாள். நான்கு அடிமரக் கட்டைகள், பட்டையோடு. வெட்டுவாயில் மஞ்சள் வைரம். துளைகளுக்குக் கீழே ரவை போல மரத்தூள், ஈரம் காயாமல்.

"இது என்னங்க?"

குழந்தைசாமி பந்தியை விட்டு எழுந்து வந்தார். "வைரம் பாஞ்ச கட்டை. சாம்பலாக்கி யாருக்கு லாபம்? வாசக்காலுக்கு ஆகும். உன் தம்பியக் கேட்டுட்டுத்தான் எடுத்தேன்."

முரளி இலையைப் பார்த்தபடி சொன்னான். "போட்டதே நெறைய இருந்துச்சுக்கா. அதுக்கு மேல வேண்டாம்னாங்க."

"பட்டைய உரிச்சீங்களா?"

"காஞ்சா தானா உரியும்" என்றார் சித்தப்பா. "போயிச் சோறு உண்ணு."

ஆலத்தூர் நாட்டுப் பக்கம் வானம் கறுத்திருந்தது. ஒருமுறை உறுமியது.

அவள் வீட்டுக்குப் போய்க் கயிற்றை எடுத்துவந்தாள். முதல் கட்டையில் கட்டி இழுத்தாள். நகரவில்லை. குனிந்து மறுபடி இழுத்தாள். நகர்ந்தது.

"சுடுகாட்டுக்குப் பொம்பளை போவாளா? கேக்கறதுக்கு ஆளில்லையா?" பொன்னம்மாள் பந்தியைப் பார்த்துக் கேட்டாள். பந்தியில் ஒருவரும் எழவில்லை.

சரிவில் கட்டை தானாகவே வந்தது. சில இடங்களில் அவளை முந்தப் பார்த்தது. சுடுகாட்டில் சாம்பலுக்கடியில் தணல் சிவப்பாகத்தான் இருந்தது. கால்மாட்டுப் பக்கம் கட்டையை உருட்டிவிட்டாள். பட்டை சீறியது. ஒரு துளையில் பால் நுரைத்தது. இன்னொன்றில் நீளமான இரண்டு மீசைகள் வெளியே வந்து காற்றைத் தடவின. பிறகு தலை. முழு உடம்பும் வெளியே வரும்வரை காத்திருந்து, குச்சியால் தணலுக்குள் தள்ளினாள்.

மேலே ஏறி வந்தபோது குழந்தைசாமி தார்ப்பாயை விலக்கிவிட்டு, மிச்சமிருந்த கட்டைகளின் மேல் உட்கார்ந்திருந்தார்.

"எந்திரிங்க சித்தப்பா."

அவர் எழவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டிருந்தார்.

சத்யா குனிந்து, அவருடைய இரண்டு கால்களுக்கும் நடுவே கயிற்றை விட்டு, கட்டையைச் சுற்றி எடுத்து முடிச்சுப் போட்டாள். மறுமுனையைத் தோளில் சுற்றிக்கொண்டாள். தார்ப்பாயில் முதல் சொட்டு விழுந்தது.